தட்டைப் பூமி: தெற்கே திரும்பிய ஒரு வகுப்பறை விவாதம்

கடந்த ஆண்டு பிப்ரவரியில் ஒன்பதாம் வகுப்புக்கு ஈர்ப்பியல் பாடத்தைத் திருப்புதல் செய்துகொண்டிருந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை உயர்ந்தது. "மிஸ், பூமி உருண்டைன்னு நாம யாரு பார்த்தோம்? தட்டையாத்தான் இருக்குன்னு வீடியோல காட்டுறாங்க." வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, "புத்தகத்துல என்ன போட்டிருக்கு? உட்காரு" என்றேன். உட்கார்ந்துவிட்டான். அந்த வாரம் முழுவதும் அவன் கை மறுபடி உயரவில்லை.

அதைக் கவனித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. "புத்தகத்தில் இருக்கிறது" என்று நான் சொன்னதற்கும் "வீடியோவில் இருக்கிறது" என்று அவன் சொன்னதற்கும் என்ன வேறுபாடு? இருவருமே வேறு யாரோ சொன்னதைத் திருப்பிச் சொன்னோம். அவன் ஒரு கேள்வியாவது கேட்டான். பதினெட்டு ஆண்டுகளாக அறிவியல் நடத்துகிறேன். பாடநூலையும் செயற்கைக்கோள் படத்தையும் எடுத்துவிட்டால், பூமி உருண்டை என்பதற்கு நானே சரிபார்த்த சான்று என்னிடம் ஒன்றுகூட இல்லை.

அடுத்த வாரம் விவாதம் அறிவித்தேன். தட்டைத் தரப்புக்கு அவனையே தலைவனாக்கி, நன்றாகப் படிக்கும் மூன்று பேரை அவனோடு சேர்த்தேன். இது முக்கியம். பலவீனமானவர்களை ஒரு பக்கம் நிறுத்தினால் அது விவாதமாக இருக்காது, கேலியாக முடியும். விதிகள் இரண்டு. "விஞ்ஞானிகள் சொன்னார்கள்", "வீடியோவில் காட்டினார்கள்" என்று எந்தத் தரப்பும் சொல்லக் கூடாது. எதையும் அளப்பதற்கு முன், தன் கருத்துப்படி என்ன அளவு வர வேண்டும் என்பதை எண்ணாகப் பலகையில் எழுதிவிட வேண்டும்.

நாம் வழக்கமாகச் சொல்லும் சான்றுகள்

முதல் நாள் உருண்டைத் தரப்பு தோற்றது. சொல்லிக்கொடுத்தது நான் என்பதால் தோல்வியில் எனக்கும் பங்கு உண்டு.

"கப்பல் தூரம் போகப் போக அடிப்பகுதி முதலில் மறையும்" என்றார்கள். "நம்ம பீச்ல வெயில் நேரத்துல எல்லாம் மங்கலாத்தான் தெரியும், அலை மறைக்கும், கானல் மறைக்கும்" என்று பதில் வந்தது. "கிழக்கே போய்க்கொண்டே இருந்தால் மேற்கிலிருந்து திரும்பி வரலாம்" என்றார்கள். அதற்கு அந்தப் பையன் ஒரு தட்டை வரைபடத்தை விரித்தான். நடுவில் வட துருவம், விளிம்பு முழுவதும் அண்டார்டிகா. ஐ.நா. சின்னத்தில் இருக்கும் வரைபடத்தைப் பார்த்திருப்பீர்கள், ஏறத்தாழ அதேதான். அதில் கிழக்கே போனால் ஒரு வட்டமடித்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். மாகேயில் சூரியன் மறைவது யானாமைவிட ஏறத்தாழ 27 நிமிடம் பிந்தித்தான் என்பது நம் பிரதேசத்து ஆசிரியர்களுக்குப் பிடித்த எடுத்துக்காட்டு. அதுவும் இங்கே உதவவில்லை. தட்டைக்கு மேலே சூரியன் வட்டமடித்தாலும் அப்படித்தான் நடக்கும். சந்திர கிரகணத்தில் விழும் வட்ட நிழலுக்கு, "தட்டோட நிழலும் வட்டம்தானே" என்றார்கள். தட்டைச் சாய்த்தால் நிழல் நீள்வட்டமாகும். எந்தப் பக்கத்திலிருந்து ஒளி விழுந்தாலும் வட்ட நிழல் தருவது கோளம் மட்டுமே. நல்ல வாதம்தான். ஆனால் அதைச் சரிபார்க்கப் பல கிரகணங்களுக்குக் காத்திருக்க வேண்டும்.

நான் பெரிதும் நம்பியிருந்தது எரட்டோஸ்தனிஸின் நிழல் முறையை. அதுவும் கைவிட்டது. எப்படி என்று பாருங்கள். சம இரவு பகல் நாளான மார்ச் 20 அல்லது 21 அன்று நண்பகலில், ஒரு மீட்டர் குச்சியின் நிழல் புதுச்சேரியில் 21 செ.மீ., யானாமில் 30 செ.மீ. இருக்கும். இரண்டு ஊருக்கும் வடக்கு தெற்காக உள்ள இடைவெளி சுமார் 530 கி.மீ. சூரியன் மிகத் தொலைவில் இருக்கிறது, தரை வளைந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டால், 4.8 பாகைக்கு 530 கி.மீ., ஆகவே சுற்றளவு ஏறத்தாழ 40,000 கி.மீ. தரை தட்டை, சூரியன் அருகில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டாலோ, அதே இரண்டு நிழல்கள் சூரியனின் உயரம் ஏறத்தாழ 6,000 கி.மீ. என்று காட்டும். இரண்டு குச்சிகளுக்கு இரண்டு விளக்கமும் பொருந்துகிறது! பாடநூலில் இதை உருண்டைக்குச் சான்றாகப் பல முறை நடத்தியிருக்கிறேன். உண்மையில் எரட்டோஸ்தனிஸ் பூமி உருண்டை என்று முன்பே ஏற்றுக்கொண்டு, அதன் அளவைத்தான் கணக்கிட்டார்.

மூன்றாவது குச்சி இருந்தால் கதை மாறும். அது வெகு தொலைவில் இருக்க வேண்டும். புதுச்சேரியில் அதற்குப் பஞ்சமில்லை. பாரிஸில் உறவினர் உள்ள பிள்ளை எந்த வகுப்பிலும் ஒருவராவது இருப்பார். தட்டைக் கணக்குப்படி அதே நாளில் பாரிஸ் நண்பகல் நிழல் 90 செ.மீ. வர வேண்டும். உருண்டைக் கணக்குப்படி 114 செ.மீ. ஒரு சாண் வித்தியாசம், அளவுநாடா போதும். அன்று நிழல் மிகக் குறுகியதாக இருக்கும் நேரம் புதுச்சேரியில் பகல் 12.18, பாரிஸில் அவ்வூர் நேரப்படி 12.58. கடிகாரம் 12 காட்டும்போது அளப்பதுதான் நம் பள்ளிகளில் வழக்கமாக நேரும் பிழை.

பிப்ரவரியில் எங்களுக்கு மார்ச் 21 வரை பொறுமை இல்லை. அதனால் இரவு வானத்துக்குப் போனோம்.

துருவ நட்சத்திரமும் ஒரு பணிமாற்றமும்

சில ஆண்டுகளுக்கு முன் யானாமில் பணியாற்றினேன். அங்கே மொட்டை மாடியில் நின்றால் துருவ நட்சத்திரம் நம்மூரைவிடச் சற்று மேலே தெரியும். அன்று அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விவாதத்தின்போதுதான் நினைவுக்கு வந்தது. நம் யூனியன் பிரதேசம் சிதறிக் கிடக்கிறதே என்று குறைப்பட்டிருக்கிறேன், குறிப்பாகப் பணிமாற்ற ஆணை வந்த நாளில். இந்தச் சோதனைக்கு அந்தச் சிதறல்தான் உதவியது. காரைக்கால் ஏறத்தாழ 11 பாகை வட அட்சத்தில் இருக்கிறது, புதுச்சேரி 12, யானாம் 17-க்குச் சற்றுக் குறைவு.

பாகைமானியின் நேர்விளிம்பில் ஓர் உறிஞ்சுகுழாயை ஒட்டி, மையத்தில் நூல் கட்டி, நூல் நுனியில் நட்டு ஒன்றைத் தொங்கவிட்டால் சாய்வுமானி தயார். குழாய் வழியே நட்சத்திரத்தைப் பார்க்கும்போது நூல் எங்கே நிற்கிறது என்பதை இன்னொருவர் படிக்க வேண்டும். 90-லிருந்து அது எத்தனை பாகை விலகியிருக்கிறதோ அதுவே நட்சத்திரத்தின் உயரக் கோணம். கையை நீட்டி மடக்கிய முஷ்டி ஏறத்தாழ 10 பாகை. சரிபார்க்க அது போதும். புதுச்சேரியில் துருவ நட்சத்திரம் மிகத் தாழ்வாக இருப்பதால் தெருக்களில் கட்டடம் மறைத்துவிடும். கடற்கரையில் நின்று கரையோடு வடக்கே பார்க்க வேண்டும். பெற்றோர் துணையோடு போன ஆறு மாணவர்களின் அளவுகள் 11 முதல் 13 வரை இருந்தன. சராசரி 12. யானாமில் என்னோடு பணியாற்றிய ஆசிரியையைத் தொலைபேசியில் கேட்டேன். அவர் தம் மாணவர்களோடு அளந்து 17 என்றார்.

இப்போது தட்டைத் தரப்பின் வரைபடத்தையே எடுத்துக்கொண்டோம். அதன்படி வட துருவத்திலிருந்து புதுச்சேரி சுமார் 8,660 கி.மீ., யானாம் 8,130 கி.மீ. துருவத்துக்கு நேர் மேலே ஒரு விளக்குப் போல அந்த நட்சத்திரம் தொங்குகிறது என்றால் எவ்வளவு உயரத்தில் தொங்க வேண்டும்? பத்தாம் வகுப்பு முக்கோணவியல்தான். டேன் மதிப்பை நான் கொடுத்தேன், பெருக்கியது மாணவர்கள். புதுச்சேரியிலிருந்து பார்த்தால் 1,840 கி.மீ. யானாமிலிருந்து பார்த்தால் 2,490 கி.மீ. பாரிஸில் அதன் கோணம் 49 பாகை. அங்கிருந்து கணக்கிட்டால் 5,260 கி.மீ.

ஒரே நட்சத்திரத்துக்கு மூன்று உயரம். "அளந்ததுல தப்பு இருக்கும் மிஸ்" என்றான் தட்டைத் தரப்பில் ஒருவன். நியாயமான கேள்வி. புதுச்சேரியில் ஒரு பாகை கூட்டி, யானாமில் ஒரு பாகை குறைத்துப் பார்த்தோம். 2,000 என்றும் 2,330 என்றும் வந்தது. அப்போதும் பொருந்தவில்லை. "ஒளி வளைஞ்சு வருது" என்றான் தலைவன். அதையும் தள்ளிவிடாமல், "எந்த ஊர்ல எவ்வளவு வளையணும்னு கணக்குப் போட்டுக் காட்டு" என்றேன். இரண்டு நாள் முயன்றான். ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனி வளைவு தேவைப்பட்டது. வடக்கே ஒவ்வொரு 111 கி.மீ.க்கும் ஒரு பாகை என்ற உருண்டைக் கணக்கு ஒரே வரியில் எல்லா ஊருக்கும் பொருந்துவதை அவனே பலகையில் எழுதினான். ஒப்புக்கொண்டேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ரீயூனியனில் ஒரு பெரியம்மா

ரீயூனியன் தீவு நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 21 பாகையில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்ட வேலைக்கு இந்தப் பக்கத்திலிருந்து போனவர்களின் வழித்தோன்றல்கள் அங்கே ஏராளம். பிற்காலத்தில் போனவர்களும் உண்டு. எங்கள் வகுப்பில் ஒரு மாணவியின் பெரியம்மா அங்கே, சாந்தெனியில் இருக்கிறார். அவரிடம் கேட்கும் முன் இரண்டு தரப்பும் பலகையில் எழுதின. தட்டைத் தரப்பின் கணக்குப்படி, துருவ நட்சத்திரம் 1,840 கி.மீ. உயரத்தில் இருந்தால், ரீயூனியனில் அது 8 பாகை உயரத்தில் தெரிந்தாக வேண்டும். உருண்டைத் தரப்பின் கணக்குப்படி தெரியவே கூடாது.

மாணவி அன்றிரவு வாட்ஸாப்பில் அழைத்தாள். அங்கே நேரம் நமக்கு ஒன்றரை மணி பிந்தியது. வடக்கே கடல்தான், மறைப்பு எதுவும் இல்லை. பெரியம்மா எவ்வளவு தேடியும் சப்தரிஷி மண்டலத்தின் சில நட்சத்திரங்களுக்குக் கீழே ஒன்றும் இல்லை. "இங்க வந்து முப்பது வருஷம் ஆச்சு, துருவ நட்சத்திரத்தைப் பார்த்ததே இல்லடி" என்றாராம். கூடவே அவர் சொன்ன இன்னொரு செய்தியை மாணவி தன் நோட்டில் எழுதி வந்திருந்தாள். ஊரில் பார்த்த ஓரியன் அங்கே தலைகீழாகத் தெரிகிறது.

அன்றைக்கு எனக்கு அகத்தியர் விண்மீன் கைகொடுத்தது. இரவு வானில் சிரியஸுக்கு அடுத்த ஒளி மிகுந்த விண்மீன் அதுதான். பிப்ரவரி இரவு 9 மணியளவில் புதுச்சேரியில் தெற்கு நோக்கி நின்றால் 25 பாகை உயரத்தில், இரண்டரை முஷ்டி, பளிச்சென்று தெரியும். டெல்லியில் அதன் உச்ச உயரமே 9 பாகைதான். பாரிஸில் அது உதிப்பதே இல்லை. ரீயூனியனில் 58 பாகை. தெற்கே போகப் போக மேலே ஏறுகிறது. துருவ நட்சத்திரம் இறங்குகிறது. ஒரே வளைவின் இரண்டு பக்கங்கள் இவை.

தட்டை வரைபடத்தில் தெற்கு என்பது ஒரு திசையாக இல்லை. மையத்திலிருந்து எல்லாப் பக்கமும் வெளியே போவதுதான் தெற்கு. ஆகவே தென்னாப்பிரிக்காவில் ஒருவரும் ஆஸ்திரேலியாவில் ஒருவரும் தெற்கே பார்த்தால், ஒருவருக்கொருவர் விலகிய வேறு வேறு திசைகளைப் பார்க்க வேண்டும். ஆனால் இருவரும் பார்ப்பது ஒரே விண்மீன்களை. இதற்கு ஓர் எளிய துணைக்கருவி இருக்கிறது: நாடுகளின் கொடிகள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பாப்புவா நியூகினி, சமோவா, பிரேசில் ஆகியவற்றின் கொடிகளை ஒட்டிவைத்தேன். ஐந்திலும் தெற்குச் சிலுவை இருக்கிறது (நம் மரபில் திரிசங்கு). தட்டையில் பிரேசிலும் ஆஸ்திரேலியாவும் எதிரெதிர்ப் பக்கங்கள். மே மாத நடுவில் இரவு 9 மணிக்கு நம் கடற்கரையிலிருந்தே அந்தச் சிலுவையைத் தெற்கே தாழ்வாகப் பார்க்கலாம். டெல்லி மாணவர்களுக்கு அதன் அடிநட்சத்திரம் ஒருநாளும் தெரியாது. கோடை விடுமுறையில் வருவதால் வகுப்போடு பார்க்க முடியாது என்பது எனக்கு ஒரு குறை.

இங்கே ஊர் வரலாற்றையும் கொஞ்சம் சேர்த்தேன். வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க லெ ஜாந்தீல் என்ற பிரெஞ்சு வானியலாளர் புதுச்சேரிக்குப் புறப்பட்டு வந்தார். உலகின் தொலைதூர இடங்களிலிருந்து ஒரே நிகழ்வைப் பலர் பார்த்து ஒப்பிட வேண்டும் என்பதுதான் அன்றைய திட்டம். 1761-இல் ஊர் ஆங்கிலேயர் கையில் விழுந்துவிட்டதால் நடுக்கடலில் கப்பலில் நின்று பார்த்தார். எட்டு ஆண்டு காத்திருந்து 1769 ஜூனில் இங்கே நின்றபோது மேகம் மறைத்துவிட்டது. பிள்ளைகள் இந்தக் கதையில் வெகுவாக ஒன்றிப்போனார்கள். 1802-இல் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்த லாம்டன், சோழமண்டலக் கரையோரமாக ஒரு பாகையின் நீளத்தை அளந்தபோது, அவருடைய தென்முனை நமக்கு மிக அருகே, கடலூரை ஒட்டிய திருவந்திபுரத்தில் இருந்தது. அவருக்குக் கிடைத்தது 110 கி.மீ.க்குச் சற்று அதிகம். நாங்கள் பயன்படுத்திய 111-ஐ எங்கிருந்து எடுத்தீர்கள் என்று யாராவது கேட்டால் சொல்ல இது உதவும்.

கவராயமும் நான்கு விமான நிலையங்களும்

வானத்தைப் பார்க்காமலே செய்யக்கூடிய சோதனை இது. எட்டாம் வகுப்புக்கே போதும். ஒரு சார்ட் தாள், அளவுகோல், பெரிய கவராயம் (அல்லது நூலும் பென்சிலும்) வேண்டும். 1 செ.மீ. என்பது 1,000 கி.மீ. இடைநில்லா விமானம் ஓடும் நான்கு ஊர்களை எடுத்தோம்: லண்டன், சிங்கப்பூர், ஜோகன்னஸ்பர்க், பெர்த். ஜோகன்னஸ்பர்க்–பெர்த் 8.3 செ.மீ. கோடு வரையுங்கள். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 8.7, பெர்த்திலிருந்து 3.9 என இரண்டு வில் வெட்டும் இடம் சிங்கப்பூர். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 9.1, பெர்த்திலிருந்து 14.5 என வெட்டினால் லண்டன். இப்போது லண்டனுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே அளவுகோலை வைத்துப் பாருங்கள். உண்மைத் தூரம் 10,880 கி.மீ.; 10.9 செ.மீ. வர வேண்டும். தாளில் வருவது 12.2. லண்டனைக் கோட்டின் மறுபக்கம் வைத்தால் 16.7. எப்படி வரைந்தாலும் பொருந்தாது. ஏனெனில் அந்த ஆறு தூரங்களும் தட்டையான தாளில் ஒன்றாக உட்கார மறுக்கின்றன.

"விமானக் கம்பெனி சொல்ற தூரமே உருண்டைன்னு வெச்சுப் போட்டதுதானே?" என்று தட்டைத் தரப்பு கேட்டது. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. தூரத்தை விட்டுவிட்டுப் பயண நேரத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். காற்றின் விளைவு கழிய, போக வர ஆகும் நேரத்தின் சராசரி. 1,300 கி.மீ. என்றால் ஒன்றரை மணி நேரம். சிங்கப்பூரில் அண்ணன் இருக்கும் பிள்ளைக்கு அது தெரியாமல் போகாது. இன்னும் பெரிய வேறுபாடு வேண்டுமானால் சிட்னி–சாண்டியாகோ. விமானம் ஏறத்தாழ 11,340 கி.மீ. தூரத்தை 12 முதல் 14 மணி நேரத்தில் இடைநில்லாமல் கடக்கிறது. தட்டை வரைபடத்தில் அந்தத் தூரம் 25,000 கி.மீ.க்கு மேல். அவ்வளவு தூரம் எரிபொருள் நிரப்பாமல் பறக்கும் பயணிகள் விமானம் எதுவும் இல்லை. தட்டை வரைபடம் வடக்கே நன்றாகத்தான் இருக்கும். தெற்கே போகப் போக ஊர்களை இழுத்து விரித்துவிடும். வடபாதியில் இருந்துகொண்டே வாதாடியதால்தான் முதல் நாள் எங்களால் வெல்ல முடியவில்லை.

கவராயத்தைப் பிடித்து வரைந்தது தட்டைத் தரப்பின் தலைவனே. மூன்று முறை வரைந்தான். நான்காவது முறை தாளைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

திங்கட்கிழமை காலை பிரேயருக்கு முன்பே அலுவலறை வாசலில் நின்றான். கையில் புதிய சார்ட். புதுச்சேரி, விழுப்புரம், திண்டிவனம், கடலூர் ஆகிய நான்கு ஊர்களின் நேர்க்கோட்டுத் தூரத்தைக் கைபேசி வரைபடத்தில் எடுத்து, அதே முறையில் வரைந்திருந்தான். ஆறு தூரமும் மில்லிமீட்டர் பிசகாமல் பொருந்தியது.

"இது பொருந்துதே மிஸ். அப்போ எவ்வளவு தூரம் போனா பொருந்தாம போக ஆரம்பிக்கும்?"

எனக்கு உடனே விடை தெரியவில்லை. இருவரும் மேசையில் உட்கார்ந்து டெல்லி, மும்பை, கொல்கத்தா, புதுச்சேரி என்று போட்டுப் பார்த்தோம். பிழை இருக்க வேண்டும். ஆனால் எங்கள் பென்சில் கோட்டின் தடிமனுக்குள் அது ஒளிந்துகொண்டது. முனையை இன்னும் கூராக்கச் சொல்லி, இரண்டு சார்ட்டை ஒட்டிப் பெரிதாக வரையச் சொல்லி அனுப்பினேன். மணி அடித்துவிட்டது.